போர்வெல் ஆழமாகும்போது நாட்டின் செல்வம் கூடுகிறதா?

நீங்கள் கேட்டது பார்வைக்கு ஒரே கேள்வி. கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறீர்கள். போர் வருஷத்துக்கு வருஷம் ஆழம் போகிறது, நர்ஸிங் முடித்த மகள் வெளிநாட்டில் இருக்கிறார், நாடும் மாநிலமும் வளர்வதாகச் செய்தி மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. நிலம், நீர், காடு, மனிதர்களின் படிப்பு எல்லாவற்றையும் சேர்த்து நாட்டின் செல்வத்தை அளக்கும் முறை உண்டாமே, அதில் எங்கள் சித்தூர் தாலுக்கா எப்படித் தெரியும் என்கிறீர்கள். இதைப் பிரித்தால் மூன்று கேள்விகள் கிடைக்கின்றன. தண்ணீர் குறைவது அந்தக் கணக்கில் வருகிறதா? மகள் போனது செலவா, வரவா? இதே முறையை ஒரு பஞ்சாயத்துக்குப் போட்டு, ஆலை இறைத்த நிலத்தடி நீர் வழக்கான பிளாச்சிமடை போன்ற ஒரு விவகாரத்தில் இழப்பைக் காட்ட முடியுமா? முதல் கேள்விக்குப் பதில், பெரும்பாலும் இல்லை. இரண்டாவதற்கு, எந்தக் கணக்கைத் திறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மூன்றாவது, பாதி முடியும். அந்தப் பாதியே உங்கள் தேவைக்குப் போதுமானது.

முதலில் ஜிடிபியை ஓரமாக வைத்துவிடலாம். அது ஒரு வருஷத்தில் நாட்டில் உற்பத்தியானதன் மதிப்பு, ஒரு ஓட்டம். செல்வம் என்பது ஒரு தேதியில் இருக்கும் இருப்பு. தோப்பின் இந்த வருஷ வரும்படி வேறு, தோப்பு வேறு. போரை இன்னும் இருநூறு அடி இறக்கினால் ரிக் வண்டிக்காரருக்குக் கொடுத்த கூலி, பைப், புது மோட்டார் எல்லாம் ஜிடிபியில் கூட்டல். அடியில் இறங்கிப்போன தண்ணீருக்குக் கழித்தல் கிடையாது. நிகர உற்பத்தி என்று ஒன்று போடுகிறார்களே என்றால், அதிலும் கழிக்கப்படுவது இயந்திரம், கட்டடம் போன்ற மனிதன் செய்தவற்றின் தேய்மானம் மட்டும்தான். இந்த ஓட்டை தெரியாமல் இருந்ததில்லை. 1989-இல் பொருளியலாளர் ராபர்ட் ரெப்பெட்டோவும் கூட்டாளிகளும் இந்தோனேசியாவுக்கு ஒரு கணக்குப் போட்டார்கள். 1971 முதல் 1984 வரை ஆண்டுக்குச் சராசரி 7.1 விழுக்காடு வளர்ந்ததாகச் சொல்லப்பட்ட நாடு, எண்ணெய், மரம், மண் மூன்றின் இழப்பை மட்டும் கழித்தபோது 4.0 விழுக்காட்டுக்கு இறங்கியது. அதற்கு மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து, 2025-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. தேசியக் கணக்கு முறையில்தான் இயற்கை வளம் தீர்வதை உற்பத்திச் செலவாகக் கழிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நாடுகள் அதைக் கடைப்பிடிக்க இன்னும் வருஷங்கள் ஆகும்.

செல்வத்தை நேரடியாக அளப்பவர்கள் முக்கியமாக இரண்டு கூட்டத்தார். ஒன்று உலக வங்கி. அதன் நாடுகளின் செல்வக் கணக்கு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. 2021 பதிப்பு 146 நாடுகளை 1995 முதல் 2018 வரை அளந்தது. இன்னொன்று, பார்த்தா தாஸ்குப்தா, கென்னத் ஆரோ போன்ற பொருளியலாளர்களின் கோட்பாட்டின்மேல் நிற்கும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘உள்ளடக்கிய செல்வம்’ அறிக்கை. முதல் பதிப்பு 2012-இல் வந்தது. இரண்டிலும் பெட்டிகள் ஏறக்குறைய ஒன்றுதான்: சாலை, ஆலை, வீடு, இயந்திரம் அடங்கிய உற்பத்தி மூலதனம், பயிர் நிலம், காடு, மீன்வளம், கனிமம், எண்ணெய் அடங்கிய இயற்கை மூலதனம், மக்களின் படிப்பும் திறனும் உழைக்கும் ஆயுளும் சேர்ந்த மனித மூலதனம். உலக வங்கி இவற்றோடு வெளிநாட்டில் நமக்கு வரவேண்டியதையும் நாம் தரவேண்டியதையும் நேர்செய்து வைக்கிறது. இந்தியாவில் புள்ளியியல் அமைச்சகம் 2018 முதல் சுற்றுச்சூழல் கணக்குகளைத் தனித் தொகுப்பாக வெளியிடுகிறது. அதற்கு முன்பே, 2013-இல், தாஸ்குப்தா தலைமையிலான குழு இந்தியாவுக்கான பசுமைக் கணக்கு வரைவு ஒன்றைத் தந்தது.

பெட்டிக்குள் எண் எப்படி விழுகிறது என்பதை உங்கள் தோப்பை வைத்தே பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உங்களுடையதைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கரில் 70 மரம், மரத்துக்கு 100 காய், காய்க்கு 20 ரூபாய் என்றால் வரவு 1,40,000. பறிகூலி, உரம், ஆள்கூலி 55,000. வீட்டார் வேலைக்கு வெளியாள் கூலி விகிதத்தில் 15,000. பலரும் இதை விட்டுவிடுவார்கள், அப்போது கணக்கு ஊதிப்போகும். மோட்டார், பைப், சொட்டுநீர்க் குழாய் ஆகியவற்றின் தேய்மானம் 12,000. அவற்றில் முடக்கிய பணத்துக்கு வட்டி 8,000. ஆக 90,000 போனால் மிச்சம் 50,000. பொருளியல் பாடப் புத்தகம் இதை வாரம் என்கிறது, ஏழு நாள் வாரம் அல்ல, குத்தகை என்ற பொருளில். மண்ணும் நீரும் தந்த பங்கு. போர் வற்றி, மானாவாரியாக விட்டாலும் அந்த நிலம் 10,000 தரும் என்று வையுங்கள். அப்படியானால் தண்ணீருக்கு மட்டும் உரிய வாரம் 40,000. விவசாய மின்சாரத்துக்கு அரசு தரும் மானியத்தையும் இதிலிருந்து கழிக்க வேண்டும். அந்தப் பணம் தண்ணீர் தந்தது அல்ல, வரிகட்டுபவர் தந்தது. எளிமைக்காக இங்கே அதை விட்டுவிடுகிறேன்.

இனி, இந்த 40,000 எத்தனை வருஷம் வரும்? நாளை வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் கழிவு விகிதம் ஆண்டுக்கு 4 விழுக்காடு என்றும், தண்ணீர் 15 வருஷத்தில் தீரும் என்றும் வைத்தால் அந்த 15 வருஷ வாரத்தின் இன்றைய மதிப்பு சுமார் 4,44,700 ரூபாய். அடுத்த வருஷம் 14 வருஷம்தான் பாக்கி, மதிப்பு 4,22,500. ஒரே வருஷத்தில் 22,200 ரூபாய் இருப்பு கரைந்துவிட்டது. அப்படியென்றால் கைக்கு வந்த 40,000-இல் உண்மையான வருமானம் 17,800 மட்டுமே. மற்றது முதலை விற்று வந்த காசு. பொருளியலாளர் ஹார்ட்விக் 1977-இல் சொன்ன விதியின் சாரம் இதுதான். தீரும் வளத்தின் வாரத்தை உண்டுவிடாமல் வேறு மூலதனமாக மாற்றினால் நுகர்வு சரியாமல் நிற்கும். அந்த 22,200 மகளின் படிப்புக்குப் போயிருந்தால் கோட்பாட்டின்படி உங்கள் வீட்டின் செல்வம் குறையவில்லை. கல்யாண மண்டப வாடகைக்குப் போயிருந்தால் குறைந்துவிட்டது.

மேலே சொன்னதில் கூட்டல் கழித்தல் உறுதி. உறுதியில்லாதவை இரண்டு: 15 வருஷம் என்ற ஆயுள், 4 விழுக்காடு என்ற கழிவு விகிதம். அதே தண்ணீர் வருஷா வருஷம் ஊறி, என்றும் 40,000 தருமென்றால் மதிப்பு 10 லட்சம். கழிவு விகிதத்தை 8 ஆக்கினால் அது 5 லட்சம். 15 வருஷக் கணக்கு சுமார் 3,42,000-க்கு இறங்கிவிடும். ஒரு சொட்டு நீரும் கூடவோ குறையவோ இல்லாமல் மதிப்பு பாதியாகிறது. உலக வங்கி எல்லா நாட்டுக்கும் 4 விழுக்காடு என்று வைத்துக்கொள்கிறது, நாடுகளை ஒப்பிட அது வசதி. ஆனால் வங்கிக் கடன் வட்டி பத்து, பன்னிரண்டு என்று ஓடும் ஊரில் ஒரு விவசாயி எதிர்காலத்தை அப்படிப் பார்ப்பதில்லை. பேரப்பிள்ளைகளின் தண்ணீரை இன்றைய வட்டியில் கழிப்பதா என்பது அறம் சார்ந்த கேள்வி. பொருளியலாளர்கள் அதில் ஒத்துப்போனதே இல்லை. எனவே ரூபாய் மதிப்பு தரும் எந்த அறிக்கையிலும் முதலில் தேட வேண்டியது கழிவு விகிதத்தையும் ஆயுள் அனுமானத்தையும்தான். அவை இல்லாமல் ஒரு தொகையை மட்டும் சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

சரி, நாட்டளவுக் கணக்கில் உங்கள் போர் இருக்கிறதா? உலக வங்கியின் இயற்கைப் பெட்டியில் நிலத்தடி நீர் தனி இருப்பாக இல்லை. பயிர் நிலத்தின் மதிப்புக்குள் அது மறைந்திருக்கிறது. மறைந்திருப்பதில் ஒரு வம்பு உண்டு. விளைச்சல் நிற்கும்வரை நிலத்தின் மதிப்பு குறையாது. போர் ஆழமாகி, மின்சாரம் அதிகம் இழுத்து, அதே காயைப் பறிக்கும் வரை கணக்கு எல்லாம் நலம் என்றே சொல்லும். தண்ணீர் அற்றுப்போகும் வருஷம்தான் திடீரென்று விழும். புதுப்பிக்கக்கூடிய வளங்களுக்கு நூறு வருஷம் வாரம் வரும் என்று அனுமானிப்பதால் இந்த மயக்கம் இன்னும் கூடுகிறது. காட்டுக்கும் இப்படிச் சில வினோதங்கள் உண்டு. முந்தைய பதிப்புகளில் பாதுகாக்கப்பட்ட வனத்தை, அதே இடம் பயிர் நிலமாகவோ மேய்ச்சல் நிலமாகவோ இருந்தால் என்ன தரும் என்று பார்த்து, இரண்டில் குறைவானதை மதிப்பாக வைத்தார்கள். புலிகள் காப்பகமான பரம்பிக்குளத்துக்கு மேய்ச்சல் நில விலை என்று நினைத்துப் பாருங்கள். நகர நிலத்தை நேரடியாக அளக்கத் தரவு இல்லாததால் உற்பத்தி மூலதனத்தில் 24 விழுக்காடு என்று ஒட்டிவைத்ததும் உண்டு. இது ஏமாற்று அல்ல. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு ஒரே மாதிரி எண் வேண்டுமென்றால் இப்படித்தான் முடியும். ஆனால் கூட்டுத்தொகையின் கடைசி இலக்கங்களை நம்பக்கூடாது என்பதற்கு இதுவே போதிய காரணம்.

இப்போது உங்கள் மகள். மனித மூலதனத்தை அளக்க இரண்டு வழிகள் உண்டு. செலவு வழியில் படிப்புக்குச் செலவழித்ததைக் கூட்டுவார்கள். வருமான வழியில் இனி அவர் சம்பாதிக்கப்போவதை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவார்கள். உலக வங்கி எடுப்பது இரண்டாவது. ஜோர்கென்சன், ஃப்ராமெனி என்ற பொருளியலாளர்கள் வகுத்தது. குடும்ப மாதிரி ஆய்வுகளிலிருந்து வயது, பாலினம், படித்த ஆண்டுகள் வாரியாகக் கூலியை மதிப்பிட்டு, வேலை கிடைக்கும் வாய்ப்பாலும் உயிரோடிருக்கும் வாய்ப்பாலும் பெருக்கி, 15 முதல் 65 வயது வரையுள்ளவர்களுக்குக் கூட்டுகிறார்கள். 25 வயது நர்ஸ் ஒருவர் இங்கேயே ஆண்டுக்கு 3 லட்சம் வாங்கி, 40 வருஷம் வேலை பார்த்தால், சம்பள உயர்வு எதுவும் சேர்க்காமலேயே 4 விழுக்காட்டில் மதிப்பு சுமார் 59 லட்சம். உங்கள் ஒரு ஏக்கர் தண்ணீருக்கு நாம் போட்டது நாலரை லட்சத்துக்கும் கீழே. அதாவது ஒரு நர்ஸ் வேலையில் சேர்ந்தால், பதின்மூன்று ஏக்கரின் தண்ணீர் முற்றாக வற்றியதும் கூட்டுத்தொகையில் மறைந்துவிடும்.

இந்த விகிதம்தான் நாட்டளவிலும் நடக்கிறது. 2018-இல் உலகின் மொத்தச் செல்வத்தில் மனித மூலதனம் 64 விழுக்காடு. படித்தவர் தொகை பெருகும் எந்த நாட்டிலும் அந்தப் பெட்டி மற்றதை மூடிவிடும். தாஸ்குப்தா 2021-இல் பிரிட்டன் அரசுக்குத் தந்த அறிக்கை பெட்டிகளைத் தனித்தனியே வைத்துப் பார்த்ததால்தான் அது கண்ணில் பட்டது. 1992 முதல் 2014 வரை உலகில் தலைக்கான உற்பத்தி மூலதனம் இரட்டிப்பு, மனித மூலதனம் 13 விழுக்காடு ஏற்றம், இயற்கை மூலதனம் ஏறத்தாழ 40 விழுக்காடு இறக்கம். மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்லியிருந்தால் நல்ல செய்தியாகவே படித்திருப்போம். இவ்வளவு நீளமாக எழுதுவதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான்: கூட்டாதீர்கள். பத்திகளைத் தனியாக வையுங்கள். கூட்டுத்தொகை, ஒரு ரூபாய் படிப்பு ஒரு ரூபாய் தண்ணீருக்கு ஈடு என்று சொல்லாமல் சொல்கிறது. ஓரளவு வரை அது சரி. சொட்டுநீர்க் குழாய் தண்ணீருக்கு மாற்றாகும். படித்த மகன் வேறு தொழிலுக்குப் போனால் தோப்பின்மீது பாரம் குறையும். ஆனால் குடிக்கும் நீருக்கு எம்.எஸ்சி. பட்டம் மாற்றாகாது. எந்த அளவுக்குக் கீழே போனால் மாற்றே இல்லை என்ற கோட்டை ரூபாய் காட்டாது. அதை அடியிலும் லிட்டரிலும்தான் அளக்க வேண்டும்.

மகள் வெளிநாடு போனதற்குத் திரும்பி வருகிறேன். மனித மூலதனம் ஆள் வசிக்கும் நாட்டின் பெட்டியில் விழும். அவர் கிளம்பிய வருஷம் அந்த 59 லட்சம் இந்தியக் கணக்கிலிருந்து இறங்கி, அங்கே அந்நாட்டுச் சம்பள விகிதத்தில் பல மடங்காக ஏறும். அவர் அனுப்பும் பணம் செல்வக் கணக்கில் நேரடியாக வருவதில்லை, அது ஓட்டம். அந்தப் பணத்தில் வீடு கட்டினால் உற்பத்தி மூலதனம்; வங்கியில் போட்டால் நாட்டின் சேமிப்பில் சேரும். பூட்டிக் கிடந்தாலும் வீடு வீடுதான் கணக்குக்கு. கேரளத்தில் இந்த வகைச் ‘செல்வம்’ கொஞ்சமல்ல. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் மகளின் உழைப்பு ஒரு வெளிநாட்டுச் சொத்தாக எங்கும் எழுதப்படுவதில்லை. எனவே ஆட்களை அனுப்பிப் பணம் பெறும் ஒரு ஊர் இந்த முறையில் உள்ளதைவிட ஏழையாகத் தெரியும். அதே திசையில் இன்னொரு பிழையும் இருக்கிறது. பாலூட்டுவது, முதியவரைப் பார்ப்பது, மாட்டுக்குத் தீவனம் வைப்பது எல்லாம் கூலி இல்லாததால் வருமான வழியில் சுழி. மனித மூலதனத்தில் பெண்களின் பங்கு உலக அளவில் 40 விழுக்காட்டுக்கும் கீழே நிற்பதற்குக் குறைந்த கூலியோடு இதுவும் காரணம். உடல்நலத்தைத் தனி மூலதனமாகச் சேர்க்கும் முயற்சிகளும் உண்டு. உயிருக்கு விலை வைத்துப் பெருக்கினால் வரும் தொகை மற்ற எல்லாப் பெட்டிகளையும் விழுங்கிவிடுவதால் பலரும் அதைக் கூட்டாமல் தனியே வைக்கிறார்கள்.

விலையைப் பற்றி ஒன்று. தேங்காய் விலை இரட்டிப்பான வருஷத்தில் தோப்பின் ‘செல்வம்’ இரட்டிப்பாகிவிடும், ஒரு மரம் கூடியிருக்காது. இதற்காகத்தான் உலக வங்கி 2024 பதிப்பில் அளவு மாற்றத்தைப் பின்தொடரும் தொடர் குறியீட்டுக்கு மாறியது. பழைய பதிப்பின் எண்ணையும் புதியதையும் அருகருகே வைத்து ஒப்பிடாதீர்கள், பத்திரிகைக் கட்டுரைகளில் இந்தத் தப்பு அடிக்கடி நடக்கிறது.

பிளாச்சிமடைக்கு வருவோம், கேள்வியின் கனமான பகுதி அதுதான். பெருமாட்டி பஞ்சாயத்தில் கோகோ-கோலா ஆலை 2000-இல் தொடங்கி, 2004 மார்ச்சில் நின்றது. கேரள அரசு அமைத்த உயர்மட்டக் குழு 2010-இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதன் உள்விவரம்: விவசாய இழப்பு 84.16 கோடி, நீர் ஆதாரங்கள் மாசுபட்டதற்கு 62.10 கோடி, உடல்நலப் பாதிப்புக்கு 30 கோடி, குடிநீர் ஏற்பாடு செய்த செலவு 20 கோடி, கூலி இழப்பும் வாய்ப்பிழப்பும் 20 கோடி. 2011-இல் சட்டமன்றம் நிவாரணத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது, குடியரசுத் தலைவரின் ஒப்புதல் அதற்குக் கிடைக்கவில்லை.

செல்வக் கணக்கின் கண்ணாடியில் இந்த ஐந்து வரிகளைப் படித்தால், ஐந்தும் ஒரே வகை எண் அல்ல என்பது தெரியும். 84.16 கோடி என்பது விளைச்சல் குறைவு, ஓட்டத்தின் இழப்பு. 62.10 கோடி இருப்புக்கு நேர்ந்த சேதம். 20 கோடி குடிநீர்ச் செலவு என்பது மாற்றுச் செலவு முறை. லாரித் தண்ணீருக்கு ஆன காசு கெட்டுப்போன கிணற்றின் விலையாகிறது. கூலி இழப்பு மனித மூலதனத்தின் ஓட்டம். இழப்பீடு கேட்கும் பட்டியலில் இவற்றை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதுவது நியாயமே, ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆளுக்கு நேர்ந்தது. ஆனால் தேசியக் கணக்குப் பாணியில் கூட்டப் போனால் இடிக்கும். ஒரு கிணற்றின் மதிப்பே அது தரப்போகும் விளைச்சலின், குடிநீரின் இன்றைய மதிப்புதான் என்பதால், வரப்போகும் விளைச்சல் இழப்பையும் கிணற்றின் சேதத்தையும் சேர்த்தால் ஒன்றை இரண்டு தடவை எண்ணியதாகும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார். நடந்து முடிந்த வருஷங்களுக்கு ஓட்டம், இனி வரும் வருஷங்களுக்கு இருப்பு என்று தேதி போட்டுப் பிரித்துவிட்டால் அந்த வாதம் நிற்காது. இப்படி ஒரு கணக்குத் தயாரிப்பவர் முதல் பக்கத்திலேயே அந்தத் தேதியை எழுதிவைக்க வேண்டும்.

பணக் கணக்கைவிட அங்கே உண்மையில் தடுக்கிவிடுவது காரணத்தை நிறுவுவது. நீர்மட்டம் இறங்கியதற்கு ஆலை எவ்வளவு, மழைக் குறைவு எவ்வளவு, சுற்றியுள்ள போர்கள் எவ்வளவு என்று பிரிக்க, சம்பவத்துக்கு முந்தைய அளவீடு வேண்டும். 2005-இல் கேரள உயர் நீதிமன்ற அமர்வு ஆலை நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. அந்த எண்ணை எடுத்து ஒரு சின்னக் கணக்கு போடலாம். நம் பக்கத்துக் கடும்பாறைப் பூமியில் பாறைமேல் மக்கிய அடுக்கு பிடித்துவைக்கும் நீர் மிகக் குறைவு, கன அளவில் ஒன்றரை விழுக்காடு என்று வையுங்கள். 100 ஹெக்டேரில் நீர்மட்டம் 2 மீட்டர் இறங்கினால் போனது 30,000 கன மீட்டர், அதாவது 3 கோடி லிட்டர். நாளுக்கு 5 லட்சம் லிட்டர் என்றால் 60 நாளில் அது தீரும். ஊற்று எதுவும் சேராவிட்டால் என்பதையும் சேர்த்துப் படியுங்கள், மழைக்காலத்தில் ஊறும். இந்த ஒன்றரை விழுக்காடு இடத்துக்கு இடம் மாறும், மூன்றாகவும் இருக்கலாம். அப்போது 120 நாள். இவ்வளவு எளிய ஒரு பெருக்கலில் இரண்டு மடங்கு வித்தியாசம் வருகிறது என்றால், அதன்மேல் கட்டிய ரூபாய்க் கணக்கில் எவ்வளவு வரும் என்று பாருங்கள்.

எல்லைக்கு வந்தால் இன்னொரு சிக்கல்: யாருடைய செல்வம்? பரம்பிக்குளத்துக் காடு கேரளத்தில், அதில் தேங்கும் நீரில் பெரும்பங்கு பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துக்கு, கேரளத்துச் சித்தூர்ப் புழைக்கு (ஆற்றுக்கு) மணக்கடவில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்று இரு மாநிலங்களின் 1970 ஒப்பந்தம். காட்டின் மதிப்பைக் கேரளத்தின் பெட்டியில் போட்டு, அது தரும் விளைச்சலைத் தமிழ்நாட்டின் பெட்டியில் போட்டால், காட்டைக் காப்பதற்குக் கேரளத்தின் கணக்கில் காரணமே தெரியாது. ஐ.நா. 2021-இல் ஏற்ற சூழலமைப்புக் கணக்கு முறை, சேவை எங்கே பிறக்கிறது, எங்கே நுகரப்படுகிறது என்று இரண்டு பத்தி போடச் சொல்கிறது. எல்லை ஊர்களுக்கு அந்த ஒரு யோசனையே பெரிய உதவி. அதேபோல் நெல் வயல் வைத்திருப்போருக்குக் கேரள அரசு 2020-இல் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய் ராயல்டி கொடுக்கத் தொடங்கியது. வயல் நீரைத் தேக்கி நிலத்தடிக்கு அனுப்புகிறது என்பதற்கான ஒப்புதல் அது, நல்லது. ஆனால் வயலின் நீர்ச்சேவை மதிப்பு ஹெக்டேருக்கு 2,000 என்று அதை எடுத்து எழுதாதீர்கள். அது பட்ஜெட்டில் முடிந்த தொகை, அளந்து வந்த மதிப்பல்ல.

பஞ்சாயத்துக்கு என்ன செய்யலாம்? மனித மூலதனத்தை விட்டுவிடுங்கள். வயது, படிப்பு, கூலி வாரியான மாதிரி ஆய்வு ஒரு பஞ்சாயத்து அளவில் நம்பும்படி கிடைக்காது, மாவட்டத்துக்கே கஷ்டம். படித்தவர் எண்ணிக்கை, வெளியூர் போனவர் எண்ணிக்கை இரண்டையும் ஆள் கணக்காகவே எழுதினால் போதும். தண்ணீருக்கு மட்டும் முழுக் கணக்கு போடுங்கள். வார்டுக்கு இரண்டு திறந்த கிணறு, இரண்டு போர் தேர்ந்தெடுத்து, தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு ஏப்ரல் கடைசியிலும் துலா மழை (வடகிழக்குப் பருவமழை) முடிந்து டிசம்பரிலும் ஒரே வாரத்தில் மட்டம் அளக்க வேண்டும். மோட்டாரை முந்தைய இரவே நிறுத்திவிட்டுக் காலையில் அளக்காவிட்டால் அளவு பொய்யாகும். பெரும்பாலான உள்ளூர் அளவீடுகள் கெடுவது இங்கேதான். வாய்விளிம்பின் உயரம் கிணற்றுக்குக் கிணறு வேறுபடும், அதனால் எல்லா அளவும் தரைமட்டத்திலிருந்தே இருக்கட்டும். கூடவே ஒரு மழைமானி, போர்களின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் குதிரைத்திறன், மின்வாரியப் பில்லில் உள்ள யூனிட். யூனிட் இருந்தால் இறைத்த நீரைத் தோராயமாக எடுத்துவிடலாம்: ஒரு யூனிட் மின்சாரம் நூறு சதத் திறனில் ஒரு கன மீட்டர் நீரை 367 மீட்டர் உயர்த்தும். நம் பம்ப்செட்டுகளின் திறன் பாதிக்கும் கீழே. 40 விழுக்காடு என்று வைத்தால் 100 மீட்டர் ஆழத்திலிருந்து யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கன மீட்டர். மீட்டர் இல்லாத, அல்லது ஓடாத இணைப்புகளுக்கு மோட்டார் ஓடும் மணி நேரத்தைக் கேட்டு எழுத வேண்டியதுதான்.

இந்த எண்களை வைத்து, ஒரு வருஷத்தில் ஊறுவதில் எத்தனை விழுக்காடு இறைக்கப்படுகிறது என்று கண்டால், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் அளவுகோலோடு நேரே ஒப்பிடலாம்: 70 வரை பாதுகாப்பு, 70 முதல் 90 அரை நெருக்கடி, 90 முதல் 100 நெருக்கடி, 100-க்கு மேல் அதிகச் சுரண்டல். வாரியம் பிளாக் அளவில் சொல்கிறது. சித்தூர் பிளாக் கேரளத்தின் மோசமான பட்டியலில் பல முறை வந்திருக்கிறது. ஆனால் ஒரே பிளாக்குக்குள் ஆழியாற்று வாய்க்கால் பாயும் வயலும் உண்டு, வாய்க்கால் எட்டாத மேட்டுத் தோப்பும் உண்டு. சராசரி இரண்டையும் மறைக்கும், உங்கள் பஞ்சாயத்துக் கணக்கு அங்கேதான் புதிதாக ஏதாவது சொல்லும். கேரள அரசின் ஹரித கேரளம் மிஷன் உள்ளாட்சிகளில் நீர் பட்ஜெட் போடவைத்திருக்கிறது. உங்கள் பஞ்சாயத்தில் அது போடப்பட்டிருந்தால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள், வரவுப் பக்கம் பெரும்பாலும் தயாராக இருக்கும். கணக்கு மலையாளத்தில் இருந்தால் தமிழிலும் ஒரு பிரதி கிராமசபையில் கேளுங்கள். அளக்கப்போகும் கிணற்றுக்காரர்களில் பாதிப்பேர் தமிழ்தான் படிப்பார்கள்.

ரூபாய் மதிப்பு கடைசி வேலை. ஐந்து வருஷ அளவு கையில் இருக்கும்போது, மேலே போட்ட ஒரு ஏக்கர்க் கணக்கை வார்டு வாரியாகப் போட்டு, 4, 8 என இரண்டு கழிவு விகிதத்திலும் எழுதி, தண்ணீர் தனிப் பத்தி, வீடும் சாலையும் தனிப் பத்தி, ஆட்கள் தனிப் பத்தி என்று வையுங்கள். அடியில் மொத்தம் என்று ஒரு வரி போடச் சொல்வார்கள். அந்த வரியைக் காலியாக விட்டுவிடுங்கள்.